வாசலில் இருந்து அலுவலகம் வரை கணக்குப் போடுங்கள்

புறநகரில் வீடு பார்க்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, காலை 8 மணிக்கு அங்கிருந்து கிளம்பிப் பார்த்தீர்களா என்பதுதான். வீட்டைக் காட்டுகிறவர்கள் சாலை காலியாக இருக்கும் விடுமுறை நாளில், காரில் அழைத்துப் போவார்கள். முன்பணம் கொடுக்கும் முன் ஒரு வேலைநாளில் பேருந்திலோ ரயிலிலோ அலுவலகம் வரை போய், மாலையில் திரும்பியும் வாருங்கள்.

ரயிலில் இருக்கும் நேரத்தோடு நடை, காத்திருப்பு, வண்டி மாறுவது எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும். காத்திருப்பைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். 10 நிமிடத்துக்கு ஒரு ரயில் என்றால், நேரம் பார்க்காமல் போனாலும் சராசரியாக 5 நிமிடம்தான் நிற்போம். அரை மணிக்கு ஒன்று என்றால் 15 நிமிடம். வண்டி மாறும் வழியில் முதல் வண்டி கொஞ்சம் தாமதமானாலே அடுத்தது போய்விடலாம். அதனால் சற்றுச் சுற்றினாலும் மாறாமல் போகும் வழியையே நான் தேர்ந்தெடுப்பேன்.

ஒரு வழிக்கு 20 நிமிடம் கூடுதல் என்பது சின்னதாகத் தோன்றும். மாதம் 22 வேலைநாள் என்றால் கிட்டத்தட்ட 15 மணி நேரம். பிள்ளைகளோடு இருக்க வேண்டிய நேரம் அது. வாடகையில் மிச்சமாகும் பணத்தை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அப்புறம், கடைசி வண்டி எத்தனை மணிக்கு? நிலையத்திலிருந்து வரும் தெருவில் விளக்கு உண்டா? என் மனைவிக்குச் சில நாட்கள் இரவு 10 மணிக்குத்தான் வேலை முடியும்; எங்கள் முடிவு இதை வைத்தே அமைந்தது.

வரப்போவதாகச் சொல்லும் ரயில் பாதையை நம்பி விலை கொடுக்காதீர்கள். இன்று ஓடுவதை மட்டும் கணக்கில் எடுங்கள்.