சபைத் தலைமையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒருவர் போதகராகவோ மூப்பராகவோ சேகர கமிட்டிச் (ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபைகளின் நிர்வாகக் குழு) செயலாளராகவோ ஆனதும், "ஐயா, இது சரியில்லை" என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லும் ஆட்கள் குறைந்துபோகிறார்கள். ஊழியக்காரரை எதிர்த்துப் பேசினால் சாபம் வரும் என்ற பயம் நம் சபையாருக்கு உண்டு. கர்த்தர் அபிஷேகம்பண்ணினவர்மேல் கை போடமாட்டேன் என்று தன்னைக் கொல்லத் தேடிய சவுல் ராஜாவைக் குறித்து தாவீது சொன்னதை எடுத்து, கணக்குக் கேட்பவர்களின் வாயை அடைக்கும் தலைவர்களும் உண்டு. அதே தாவீது ராஜாவான பிறகு நாத்தான் தீர்க்கதரிசி அரண்மனைக்கே வந்து, அவர் பாவத்தைச் சுட்டிக்காட்டி "நீயே அந்த மனுஷன்" என்று சொன்ன பகுதியை அவர்கள் ஏனோ பிரசங்கிப்பதில்லை. பெரும்பாலான தவறுகள் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

முதலில் பணம். எருசலேமின் ஏழை விசுவாசிகளுக்காகப் பவுல் காணிக்கை சேர்த்தபோது, கொரிந்துவுக்குத் தீத்துவை மட்டும் அனுப்பவில்லை. கூடவே இரண்டு சகோதரரையும் அனுப்பினார். அவர்களில் ஒருவர், இந்தக் காணிக்கைக்காகச் சபைகளே தெரிந்தெடுத்த ஆள். இவ்வளவு பெரிய தொகை விஷயத்தில் யாரும் தங்களைக் குறை சொல்ல இடம் வரக்கூடாது என்று காரணத்தையும் எழுதிவைத்தார் (2 கொரிந்தியர் 8). பவுலே சாட்சி வைத்துக்கொண்டார் என்றால் நமக்கு எதற்கு ரோஷம்? ஆராதனை முடிந்த கையோடு காணிக்கைப் பையை வெஸ்ட்ரி (ஆலயத்தை ஒட்டிய அறை) மேசையில் கொட்டி, ஒரே குடும்பத்தைச் சேராத இருவர் எண்ணி, ஐந்நூறு எத்தனை, நூறு எத்தனை, சில்லறை எவ்வளவு என்று எழுதி, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். "வீட்டுக்குக் கொண்டுபோய் நிதானமா எண்ணிக்கிறேன்" என்பவர் நல்லவராகவே இருக்கலாம். பிறகு ஒரு சந்தேகம் வந்தால் அந்த நல்லவரைக் காப்பாற்ற ஒரு சீட்டும் இருக்காது. இப்போது வாசலில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடும் இதில் சேர்த்தி. அது சபையின் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். போதகரின் சொந்த நம்பருக்குப் போனால், எவ்வளவு வந்தது என்பது பொருளாளருக்கே தெரியாது.

அடுத்தது, புகார் வந்தால் புகார் சொன்னவரையே பிரச்சினையாக்குவது. அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தைக் கொஞ்சம் நின்று வாசிக்க வேண்டும். அன்றாடச் சாப்பாட்டு விநியோகத்தில் தங்கள் விதவைகள் விடுபட்டுப் போகிறார்கள் என்று கிரேக்க மொழி பேசும் விசுவாசிகள் முறுமுறுத்தார்கள். "யார் இதைக் கிளப்பிவிட்டது?" என்று அப்போஸ்தலர்கள் விசாரிக்கவில்லை. சபையை முழுவதும் கூட்டி, ஏழு பேரை நீங்களே தெரிந்தெடுங்கள் என்றார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா: ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறைப்பட்ட பக்கத்தாரின் கையிலேயே பந்தியை ஒப்படைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. நம் ஊர் கமிட்டியில் இது நடக்குமா? அசனத்தில் (சபையின் பொது விருந்தில்) தங்கள் தெருவுக்குச் சோறு எட்டவில்லை என்று சொன்னவர்களை, அடுத்த வருஷம் அசனப் பொறுப்பில் வைக்க எத்தனை பேருக்கு மனசு வரும்?

பிரசங்கத்தில் சாடை பேசுவது இன்னொரு வியாதி. சனிக்கிழமை கமிட்டியில் ஒருவர் எதிர்த்து வாக்களித்திருப்பார். ஞாயிறு பிரசங்கத்தில், மோசேயை எதிர்த்துக் கலகம் செய்த கோராகும் தாத்தானும் வந்துவிடுவார்கள். யாரைச் சொல்கிறார் என்பது மூன்றாவது பெஞ்சு வரைக்கும் தெரியும். எதிர்த்து வாக்களித்தவர் எழுந்து பதில் சொல்ல முடியாது. அவர் பிள்ளைகளும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். ஒருவன் குற்றம் செய்தால் முதலில் தனியாகப் போய்ப் பேசு, கேட்காவிட்டால் ஓரிருவரைக் கூட்டிக்கொண்டு போ என்பது மத்தேயு 18-இல் இயேசு காட்டிய வழி. சபைக்குச் சொல்வது அங்கே மூன்றாவது படிதான்.

இதோடு சேர்ந்ததுதான் ஜெபக்குறிப்பு. "அந்தக் குடும்பத்துக்காக ஜெபிப்போம், மகளுக்கு விவாகரத்து விஷயம்" என்று ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் போட்டால், அது ஜெபம் அல்ல, ஊர்ச்செய்தி. சம்பந்தப்பட்டவரிடம் கேட்காமல் எதையும் குழுவில் போடாதீர்கள்.

எல்லாவற்றையும் தானே இழுத்துப் போட்டுச் செய்வதைப் பற்றி மோசேயின் மாமனார் எத்திரோ, பொறுப்பைப் பலருக்குப் பிரித்துக் கொடு என்று மோசேயிடம் சொன்னது எல்லோருக்கும் தெரிந்த கதை, விட்டுவிடுவோம். அதைவிடச் சிக்கலானது, "இவர்கள் இன்னும் பக்குவப்படவில்லை" என்று சொல்லிச் சொல்லியே பொறுப்பைக் கைமாற்றாமல் இருப்பது. வெள்ளாளன்விளையில் பிறந்த வி. எஸ். அசரியா 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானபோது, இந்தியர் ஒருவருக்கு அந்தப் பதவி இப்போதே எதற்கு என்று தயங்கிய மிஷனரிகள் இருந்தார்கள். அவருடைய பொறுப்பில் இருந்த, தெலுங்கு நாட்டின் டோர்னக்கல் திருமண்டலமோ (பேராயரின் ஆளுகைப் பகுதி) கிராமத்து ஆசிரியர்களையும் உபதேசிமார்களையும் நம்பியே வேகமாக வளர்ந்தது. அன்று மிஷனரிகள் நம்மிடம் சொன்னதை இன்று நாம் வாலிபர் சங்கத்திடமும் பெண்களிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

கைமாற்றுவது என்றால் வீட்டுக்குள்ளேயே மாற்றுவது என்று புரிந்துகொள்ளும் சபைகளும் உண்டு. சாமுவேல் முதிர்வயதில் தன் மகன்கள் யோவேலையும் அபியாவையும் நியாயாதிபதிகளாக்கினார். அவர்கள் பரிதானம் (லஞ்சம்) வாங்கினார்கள். மூப்பர்கள் திரண்டு வந்து ராஜா வேண்டும் என்று கேட்கும் அளவுக்குப் போயிற்று. இத்தனைக்கும் சாமுவேலிடம் யாரும் ஒரு குற்றமும் சொன்னதில்லை. போதகரின் மகன் உண்மையிலேயே தகுதியுள்ளவராக இருக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை. அப்படியானால் அப்பா அந்த அறையில் இல்லாத ஒரு கூட்டத்தில், ரகசிய வாக்குச்சீட்டில், வேறு பெயர்களோடு சேர்த்து அவர் பெயரும் வரட்டும்.