முதல் வாரத்திலேயே மாணவர் கையேட்டைப் படித்துவிடுங்கள்

தனியார் பல்கலைக்கழகங்களில் கட்டணம், வருகைப்பதிவு, மதிப்பீடு ஆகியவற்றின் விதிகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடுவதால், வேறொரு பல்கலைக்கழகத்தில் படிக்கும் நண்பர் சொல்லும் விதி உங்களுக்கும் பொருந்தும் என்று நம்பிவிட வேண்டாம். மாணவர் கையேட்டில் கல்வி உதவித்தொகை பற்றிய பகுதியை மட்டுமாவது வரி விடாமல் படியுங்கள். சேர்க்கையின்போது அளிக்கப்பட்ட கட்டணச் சலுகை படிப்பு முடியும்வரை தானாகத் தொடரும் என்றே பலர் எண்ணுகிறார்கள்; ஆனால் குறிப்பிட்ட சராசரித் தரப்புள்ளியை (பாடங்களில் பெறும் தரங்களின் சராசரி, GPA) தக்கவைத்தால்தான் அது நீடிக்கும் என்ற நிபந்தனை பல இடங்களில் உண்டு. கடினமான பாடத்திலிருந்து விலகுவதற்கான கடைசி நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். அவசரப்பட்டு விலகினால், அந்தப் பருவத்துக்குரிய குறைந்தபட்ச கிரெடிட் (ஒவ்வொரு பாடத்துக்கும் தரப்படும் அலகு) எண்ணிக்கை எட்டாமல் போய், மதிப்பெண் நன்றாக இருந்தும் சலுகை கைநழுவக்கூடும் என்பதால், விலகல் படிவத்தில் கையெழுத்திடும் முன் கல்வி ஆலோசகரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொல்லப்படும் உறுதிமொழிகளை அன்றே மின்னஞ்சலில் எழுதி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள் (இதில் கூச்சம் தேவையில்லை). விடுதி முன்பண ரசீதை அறையைக் காலி செய்யும்வரை பத்திரப்படுத்துங்கள். மாணவர் மன்றங்களில் முதல் பருவத்துக்கு ஒன்றில் சேர்ந்தாலே போதும்.