கடலோரக் கட்டடங்களில் வலையமைப்புக் கேபிள் இழுக்கும்போது

இலங்கையின் கிழக்குக் கரையில், கல்லடியிலோ கல்முனையிலோ கடலை அண்டிய கட்டடமொன்றில் வலையமைப்பைப் பொருத்துபவர் முதலில் கணக்கிலெடுக்க வேண்டியது இணைய வேகத்தையன்று, உப்புக் காற்றையே. இணைப்பு விட்டுவிட்டு அறுந்தால், ரவுட்டரைக் குறை கூறுவதற்கு முன் கேபிள் முனையைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். தொடுமுனைகளில் பச்சை படிந்திருந்தால், அதைச் சுரண்டிக் காலங்கழிக்காமல், முனையை வெட்டிப் புதியதைப் பொருத்துவதே நல்லது. பொருத்தும்போது, கேபிளினுள் இரண்டிரண்டாக முறுக்கியிருக்கும் சோடிக் கம்பிகளின் முறுக்கை 13 மில்லிமீற்றருக்கு மேல் பிரிக்காதீர்கள்.

செம்பு முலாம் பூசிய அலுமினியக் கேபிள் மலிவானதுதான். ஆனால் நான் அதை வாங்குவதில்லை. கடையிலேயே கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தால் உள்ளிருக்கும் வெள்ளை தெரிந்துவிடும். செப்புக் கேபிளின் நீளம் 100 மீற்றரைத் தாண்டக் கூடாது.

இரு கட்டடங்களுக்கிடையே செப்புக் கேபிளை இழுக்கவே வேண்டாம். அவசரத்தில் நான் அப்படி இழுத்த கேபிள் வழியாக ஓர் ஐப்பசி மாத மின்னல் புகுந்து, இரண்டு வலையமைப்புச் சுவிட்சுகளைக் கருக்கியது. அன்றுமுதல் அவ்விடங்களில் உலோகமற்ற ஒளியிழைக் கேபிளையே பயன்படுத்துகிறேன். வெளிச்சுவரிலிருந்து உள்ளே நுழையும் கேபிளைத் துளைக்குக் கீழே சற்றுத் தொய்யவிட்டு மேலேற்றினால், மாரி மழைநீர் அந்தத் தொய்விலேயே சொட்டிவிடும்.