பிரித்தானியாவுக்குப் படிக்க வந்திருக்கும் மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகளுக்கு

களுவாஞ்சிக்குடி, கல்லடி, அக்கரைப்பற்று, திருக்கோவில் என்று நம்முடைய பக்கத்தில் இருந்து மாணவர் விசாவில் வந்திறங்கும் தம்பி தங்கச்சிமாருக்கு இதை எழுதுகிறேன். வயலை ஈடு வைத்தும் நகையை அடகு வைத்தும்தான் பல வீடுகளில் அனுப்புகிறார்கள். அந்தக் கடன் மனதை அரிக்க, வந்த கிழமையே வேலை தேடுவீர்கள். அதற்கு முதல் விசாவை உங்கள் கைக்கு எடுங்கள்.

இப்போது விசா என்பது அட்டை இல்லை. யூகேவிஐ (பிரித்தானிய விசா, குடிவரவுப் பிரிவு) இணையக் கணக்கில் இருக்கும் ஈ-விசாதான். ஊரில் ஏஜென்சிக்காரர் விண்ணப்பம் போட்டிருந்தால், அந்தக் கணக்கில் யாருடைய ஈமெயில், யாருடைய போன் நம்பர் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். கணக்குக்கு உள்ளே போகும் ஒவ்வொரு தடவையும் பாதுகாப்புக் கோட் அந்த ஈமெயில் அல்லது நம்பருக்குத்தான் வரும். ஏஜென்சிக்காரருடைய நம்பர் என்றால் உடனே மாற்றுங்கள். உங்களுடைய ஊர் சிம்தான் என்றாலும், அது செயலிழக்க முதல் இங்கத்தைய நம்பரைப் போடுங்கள். கடவுச்சீட்டு புதுப்பித்தால் அதையும் அங்கே பதிய வேண்டும்.

வேலை தருபவர் ஷெயார் கோட், அதாவது உங்களுக்கு வேலை செய்ய உரிமை இருப்பதை இணையத்தில் பார்க்கும் குறியீடு, கேட்பார். அதே கணக்கில் இருந்து எடுக்கலாம். வேலைக்கான கோட் டபிள்யூ எழுத்தில் தொடங்கும், 90 நாள் செல்லும். நெஷனல் இன்சூரன்ஸ் நம்பருக்கு (சம்பளத்தில் வரியும் காப்புறுதியும் பதியும் நம்பர்) காசு வாங்குபவர்களிடம் போகாதீர்கள். விண்ணப்பம் இலவசம், அது கைக்கு வரமுதலே வேலை தொடங்கலாம்.

பட்டப்படிப்பு, மாஸ்டர்ஸ் என்றால் படிப்புக் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலம்தான். திங்கள் தொடங்கி ஞாயிறு வரை, எத்தனை இடத்தில் செய்தாலும் எல்லாம் சேர்த்து. போன கிழமை 10 செய்தேன், இந்தக் கிழமை 30 செய்கிறேன் என்ற கணக்கு எடுபடாது. கையில் காசாகத் தந்தாலும் மணித்தியாலம் மணித்தியாலம்தான். மாஸ்டர்ஸ் பிள்ளைகள் கோடையில் முழுநேரம் செய்யலாம் என்று நினைப்பார்கள். ஆய்வுக்கட்டுரை எழுதும் அந்த மாதங்களும் பெரும்பாலும் படிப்புக் காலம்தான். பல்கலைக்கழகக் கலண்டரைப் பார்த்துவிட்டு ஷிப்ட் எடுங்கள்.

இன்னொன்று, சாப்பாட்டு டெலிவரி. மாணவர் விசாவில் சுயதொழில் செய்யக்கூடாது, டெலிவரி அப்களில் ஓடுவது சுயதொழில். இன்னொருவருடைய அக்கவுண்டை வாடகைக்கு எடுத்து ஓடச் சொல்பவர் நம்மட ஊர் அண்ணாவாக இருந்தாலும் மறுத்துவிடுங்கள். பிடிபட்டால் விசா போகும், கடன் வீட்டில் நிற்கும்.

விசாவுக்குக் கட்டும்போதே வருடத்துக்கு 776 பவுண்ஸ் சுகாதாரக் கட்டணம் கட்டியிருப்பீர்கள். அதனால் பக்கத்து ஜீபியில் (குடும்ப வைத்தியரிடம்) பதியுங்கள், வருத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

படிப்பு முடிய கிராஜுவேட் விசாவில் 2 வருடம் நிற்கலாம். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான். பிஎச்டி முடித்தவர்களுக்கு மட்டும் 3 வருடம். முதியோர், நோயாளர் பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டில் இருந்து புதிதாக ஆள் எடுக்கும் கெயார் விசா 2025 ஜூலை 22 உடன் மூடப்பட்டுவிட்டது. இன்றும் அதைக் காட்டி ஊரில் உங்கள் தம்பியிடம் காசு கேட்பவர் பொய் சொல்கிறார். வேலை விசாவுக்கு நிறுவனம் தரும் ஸ்பொன்சர் சான்றிதழை விலைக்குத் தருகிறேன் என்பவரையும் நம்பாதீர்கள். ஸ்பொன்சர் செய்ய உரிமம் உள்ள நிறுவனங்களின் பட்டியல் அரசாங்க இணையத்தளத்தில் இருக்கிறது. சந்தேகம் என்றால் யாருக்கும் காசு கட்ட முதல் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் ஆலோசகரிடம் போங்கள், அங்கே கட்டணம் இல்லை.