ஹாலோவீன் மாலை அழுகையில் முடியாமல் இருக்க

அக்டோபர் 31 அன்று பிள்ளைகள் வேடம் போட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்கும் ஹாலோவீன் மாலை, பல வீடுகளில் ஏதோ ஒரு குழந்தையின் அழுகையோடு முடிகிறது. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். பத்து வயது அண்ணனின் துணிச்சலுக்கோ பெற்றோரின் ஆசைக்கோ ஏற்றபடி திட்டம் போட்டுவிட்டு, நான்கு வயதுத் தங்கையையும் அதற்குள் இழுத்துக்கொண்டு போகிறோம். வீட்டில் மிகச் சிறியவருக்கு எட்டும் அளவில் அந்த நாளை அமைத்துப் பாருங்கள்; பெரிய பிள்ளைகளுக்கும் அதில் குறை இருக்காது. அமெரிக்காவுக்கு வந்த பிறகு இந்தப் பண்டிகையைக் கற்றுக்கொண்ட நம் குடும்பங்களுக்கு இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். நமக்கு வழி சொல்லப் பாட்டி யாரும் இல்லாததால், கடைக்காரர் விற்பதையே வழக்கம் என்று எடுத்துக்கொள்கிறோம். அதில் வழக்கமாக நேரும் தவறுகள் இவை.

சான்றிதழை நம்பிப் படம் போடுவது

பிஜி சான்றிதழ் இருந்தால் குழந்தைகள் படம் என்று நினைத்து, முன்னதாகப் பார்க்காமலேயே போட்டுவிடுகிறார்கள். பெற்றோர் பார்த்து முடிவு செய்யட்டும் என்பதற்குத்தான் அந்தச் சான்றிதழ். 2009இல் வந்த ‘கோரலைன்’ பிஜி சான்றிதழ் பெற்ற படம்தான். கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் பொத்தான்களோடு அதில் ஓர் ‘இன்னொரு அம்மா’ வருகிறாள். முதலில் அன்பாகச் சமைத்துப் போடுகிறாள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உருமாறுகிறாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அருமையான கதை. ஐந்து வயதுக் குழந்தைக்கோ அம்மாவின் முகம் கண்ணெதிரே மாறுவதைவிடப் பெரிய பயம் இல்லை. ‘வெறும் படம்தானே’ என்ற சமாதானம் அந்த வயதில் எடுபடாது.

சிறியவரும் உட்காரும் படத்தைப் பகலில், விளக்கு எரிய, 31ஆம் தேதிக்கு முந்தைய சனிக்கிழமை போடுங்கள். ரிமோட்டை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்; நிறுத்தும் அதிகாரம் தன்னிடம் இருக்கிறது என்று தெரிந்த குழந்தை வியக்கத்தக்க அளவு தைரியமாகப் பார்க்கும். 1966இல் தொலைக்காட்சிக்காக எடுத்த, சார்லி பிரவுன் என்ற கார்ட்டூன் சிறுவனின் பரங்கிக்காய்க் கதை அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதில் பேய் என்பது ஓட்டை போட்ட போர்வைக்குள் நிற்கும் சிறுவன்தான். பெரிய பிள்ளைகளின் படத்தைச் சிறியவர் தூங்கிய பிறகு வைத்துக்கொள்ளலாம். பயந்த குழந்தையைக் கூடியிருப்பவர்கள் சேர்ந்து சிரித்துக் கேலி செய்வதை மட்டும் எந்த வீட்டிலும் அனுமதிக்காதீர்கள்.

பரங்கிக்காயைப் பெரியவர்களே செதுக்கி முடிப்பது

அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் ஹாலோவீனுக்கு டர்னிப் கிழங்கைக் குடைந்து, முகம் செதுக்கித்தான் உள்ளே விளக்கு வைத்தார்கள். குடியேறி வந்தவர்களுக்கு அமெரிக்காவில் பரங்கிக்காய் கிடைத்தது. அது பெரிதாகவும் குடைய எளிதாகவும் இருந்ததால் அதுவே நிலைத்துவிட்டது. குடைய எளிது என்பதால் அக்டோபர் தொடக்கத்திலேயே செதுக்கிவிட்டால் 31ஆம் தேதிக்குள் பூஞ்சை பிடித்துச் சரிந்துவிடும். செதுக்கிய காய் குளிரான ஊரிலேயே ஒரு வாரம் தாங்கினால் பெரிது. முழுக்காயை முன்னதாக வாங்கலாம், கத்தியை வைப்பது இரண்டு மூன்று நாள் முன்பு இருக்கட்டும். காம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள், முறிந்துவிடும்.

மூடியை வெட்டும்போது கத்தியை நேராக இறக்கினால் மூடி உள்ளே விழுந்துவிடும். கத்தி முனை காயின் நடுவை நோக்கும்படி சாய்த்து வெட்டினால் மூடி கச்சிதமாக உட்காரும். முகம் வரும் பக்கத்தின் உட்சுவரைச் சுமார் ஓர் அங்குலத் தடிமன் வரும்வரை சுரண்டிவிட்டால், கண்ணும் பல்லும் வெட்டச் சிரமம் இருக்காது. சமையலறைக் கத்தி வேண்டாம். அது தடித்த தோலில் சிக்கி, விடுபடும்போது கையைப் பதம் பார்க்கிறது. கடையில் கிடைக்கும் சிறு வாள் போன்ற பல்வைத்த கருவி மெதுவாகத்தான் வெட்டும், அந்த மெதுவே பாதுகாப்பு.

கருவி பெரியவர் கையில் இருக்கட்டும், மற்ற வேலைகளைப் பிள்ளைகளிடம் விடுங்கள். முகத்தை அவர்கள் வரையட்டும், கோணலாக இருந்தாலும் அதையே வெட்டுங்கள். உள்ளே கைவிட்டு வழவழப்பான நாரை அள்ளி எடுப்பதில் கிடைக்கும் அருவருப்பும் ஆனந்தமும் கலந்த கூச்சலை எந்தக் கடைப் பொருளும் தராது. மூன்று வயதுக் குழந்தைக்குத் தனியாக ஒரு சிறு காயும் வண்ணமும் ஒட்டுப்படங்களும் கொடுங்கள். வெட்டாத காய் வாரக்கணக்கில் கெடாமல் இருக்கும். உள்ளே மெழுகுவத்திக்குப் பதில் பேட்டரி விளக்கு போதும்.

விதைகளைக் குப்பையில் போடாதீர்கள். நார் போகக் கழுவி, துணியில் நன்றாக உலர்த்தி, எண்ணெயும் உப்பும் கொஞ்சம் மிளகாய்த்தூளும் பிசிறி, 325 டிகிரி பாரன்ஹீட்டில் நடுவே கிளறிவிட்டு 20 நிமிடம் வறுத்தால் அருமையான கொறிக்கும் பண்டம். செதுக்குவதற்கென்று விற்கும் பெரிய காயை மட்டும் குழம்புக்கு நம்பாதீர்கள், நீர்த்தும் நாராகவும் இருக்கும். சமையலுக்குச் சிறிய இனிப்பு வகை தனியாகக் கிடைக்கிறது.

தின்பண்டத்தில் எதற்கோ பயந்து எதையோ விட்டுவிடுவது

முகம் தெரியாதவர்கள் மிட்டாயில் விஷம் வைக்கிறார்கள் என்ற பயம் ஒவ்வோர் ஆண்டும் வாட்ஸ்அப்பில் சுற்றிவருகிறது. 1958 முதலான செய்திகளைத் தேடி ஆராய்ந்த சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட், முன்பின் தெரியாதவர் கொடுத்த பண்டத்தால் ஒரு குழந்தை இறந்ததாகவோ பெரிதாகப் பாதிக்கப்பட்டதாகவோ உறுதியான ஒரு சம்பவமும் கிடைக்கவில்லை என்கிறார். உறை பிரிந்ததை எறிந்துவிட்டு, உண்மையான ஆபத்துகளைப் பாருங்கள். நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தையின் தொண்டையில் கெட்டி மிட்டாய், சூயிங்கம், முழுக்கடலை, பாப்கார்ன் ஆகியவை சிக்கிக்கொள்ளும். சாக்லேட்டை நாய் தின்றால் அதற்கு நஞ்சு.

குச்சி குத்தி, காய்ச்சிய சர்க்கரைப் பாகில் தோய்த்து வீட்டில் செய்யும் காரமல் ஆப்பிளில் ஒரு நுணுக்கம் உண்டு. 2014இல் கடைகளில் விற்ற காரமல் ஆப்பிள்களால் லிஸ்டீரியா நோய் பரவி உயிர்களே போயின. குச்சி குத்திய இடத்தில் கசியும் சாறு தோலுக்கும் காரமலுக்கும் நடுவே தங்குகிறது. வெளியிலேயே வைத்திருந்தால் அங்கே கிருமி பெருகும். நன்றாகக் கழுவிச் செய்து, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, விரைவில் தின்றுவிட வேண்டும். சிறு குழந்தை இருந்தால் ஆப்பிளை மெல்லிய துண்டுகளாக்கிக் காரமலில் தொட்டுக் கொடுப்பதே மேல்.

சைவக் குடும்பத்தினர், விலங்குகளின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுக்கும் ஜெலட்டினைக் கவனிக்க வேண்டும். மார்ஷ்மெல்லோவிலும் பெரும்பாலான கம்மி மிட்டாய்களிலும் அது இருக்கிறது. சின்னப் பாக்கெட்டுகளில் பல நேரம் சேர்மானப் பட்டியல் இருக்காது, பெரிய பையில்தான் அச்சிட்டிருப்பார்கள். ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு இது வெறும் விருப்பு வெறுப்பு அல்ல. 2014இல் உணவு ஒவ்வாமை உள்ளவர்களுக்கான ஃபேர் என்ற அமைப்பு நாடெங்கும் கொண்டுசென்ற ஏற்பாட்டின்படி, வாசலில் பச்சை கலந்த நீல நிறப் பரங்கிக்காய் இருந்தால் அந்த வீட்டில் பென்சில், ஒட்டுப்படம் போன்ற தின்னாத பரிசும் கிடைக்கும். உங்கள் வாசலிலும் ஒன்று வைத்துவிடுங்கள்.

வேடத்தில் அழகை மட்டும் பார்ப்பது

அந்த இரவின் பெரிய ஆபத்து சாலைதான். 1975 முதல் 2016 வரையிலான விபத்துக் கணக்கை ஆராய்ந்தபோது, பாதசாரிகள் வாகனத்தில் அடிபட்டு இறக்கும் அபாயம் ஹாலோவீன் மாலையில் மற்ற மாலைகளைவிட 43 சதவீதம் கூடுதல் என்று தெரிந்தது. முகமூடி பக்கவாட்டுப் பார்வையை மறைக்கிறது, அதற்குப் பதில் முகத்தில் வண்ணம் பூசலாம். தரையில் புரளும் அங்கியைக் கணுக்காலுக்கு மேலே மடித்துத் தைத்து, முதுகில் ஒளிரும் நாடா ஒட்டுங்கள். சிறியவரோடு வெளிச்சம் இருக்கும்போதே ஐந்தரை மணி வாக்கில் கிளம்பி, ஒரு தெருவோடு திரும்பிவிடலாம். வாசல் விளக்கு எரியாத வீட்டில் மணி அடிக்கக் கூடாது.

2024இல் தீபாவளியும் அக்டோபர் 31 அன்றே வந்தது. இரண்டும் நெருங்கி வரும் ஆண்டுகளில் பாலியெஸ்டர் அங்கியோடு கம்பி மத்தாப்பு பிடிக்க விடாதீர்கள். வாசலில் அகல் விளக்கு வைத்திருந்தால் தெருப்பிள்ளைகள் வரும் நேரத்துக்கு எடுத்து உள்ளே வையுங்கள். அது தரையில் இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

செடிகளின்மேல் பஞ்சு போன்ற செயற்கைச் சிலந்தி வலையை இழுத்துவிடுவதையும் விட்டுவிடுங்கள். சிறு பறவைகள் அதில் சிக்கிக்கொள்கின்றன. கறுப்பு அட்டையில் பிள்ளைகள் வெட்டிய வௌவால்களை ஜன்னலில் ஒட்டினால் வாசலே நிறைந்துவிடும். நவம்பர் 1 காலையில் விளக்கை எடுத்துவிட்டு, வண்ணம் பூசாத பரங்கிக்காயைத் துண்டுபோட்டு எருக்குழியில் சேருங்கள். வண்ணம் பூசியது குப்பைத் தொட்டிக்குப் போகட்டும்.