பழைய போர் விமான மாடல் கிட்: பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே நடந்துவிடும் தவறுகள்

பழைய ஜெட் விமான கிட் ஒன்றை மாதக்கணக்கில் உட்கார்ந்து கட்டி முடிக்கிறோம். அலமாரியில் வைத்துப் பார்த்தால் ஏதோ சரியில்லை. உடனே பழி பெயின்ட் மேல் விழும்: கலவை சரியில்லை, ஏர்பிரஷ் சதி செய்துவிட்டது, இன்னும் நல்ல பிராண்டாக வாங்கியிருக்கலாம். என் அனுபவத்தில் பத்துக்கு எட்டு முறை தவறு அதற்கு வெகு முன்னால் நடந்திருக்கிறது. பெயின்ட் எதையும் மறைப்பதில்லை. நாம் கவனிக்காமல் விட்ட இடத்தை விரல் நீட்டிக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

1/72 அளவு என்றால் நிஜ விமானத்தின் 6 அடி நம் கையில் ஓர் அங்குலம். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் பல தவறுகளின் காரணம் தானாக விளங்கும். ப்ரைமர், நிறம், பளபளப்பு வார்னிஷ், மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் எல்லாம் சேர்ந்து 0.1 மி.மீ. தடிமன் வந்தாலே, நிஜத்தில் 7 மி.மீ. கனத்துக்குப் பெயின்ட் அப்பியதற்குச் சமம்.

பெட்டியைத் திறந்ததும் செய்யும் முதல் தவறு, பாகங்களைக் கழுவாமல் விடுவது. அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வரத் தடவிய எண்ணெய்ப் பிசுக்கு பழைய கிட்களில் அப்படியே இருக்கும். அதன் மேல் பெயின்ட் பிடிக்காது. பாத்திரம் கழுவும் சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர், பழைய டூத் பிரஷ் போதும். சூடான தண்ணீர் வேண்டாம், மெல்லிய இறக்கைகள் வளைந்துவிடும். அச்சு தேய்ந்த கிட்களில் பாகங்களின் ஓரத்தில் பிளாஸ்டிக் ஜவ்வு போல வழிந்திருக்கும். அதைக் கத்தியால் வெட்டுவதைவிட, கத்தி முனையைக் கிட்டத்தட்ட நிமிர்த்திப் பிடித்துச் சுரண்டுவது பாதுகாப்பானது. இன்னொன்று: டயர்கள் மென்மையான ரப்பர் மாதிரி இருந்தால் சந்தேகப்படுங்கள். அந்த வினைலிலிருந்து கசியும் எண்ணெய் பல வருடங்களில் சக்கரத்தின் பிளாஸ்டிக்கையே உருக்கிவிடும். பெட்டிக்குள்ளேயே உருகிக்கிடந்த சக்கரங்களைப் பார்த்திருக்கிறேன்.

பசைக்கு அவசரப்படுவது

குறிப்புத்தாளில் 1, 2, 3 என்று எண் போட்டிருக்கிறது என்பதற்காக அந்த வரிசையிலேயே ஒட்டிக்கொண்டு போவது பழைய கிட்டுக்கு ஆகாது. அதில் எந்தப் பாகமும் மற்றொன்றோடு சரியாகப் பொருந்தும் என்று நம்பக் கூடாது. பசை இல்லாமல், மாஸ்கிங் டேப்பால் கட்டி, உடல், இறக்கை, விமானியறைத் தொட்டி, காற்று உள்வாய் எல்லாவற்றையும் ஒருமுறை கூட்டிப் பாருங்கள். எங்கே இடைவெளி, எங்கே ஒரு பக்கம் மேடாகிப் படிக்கட்டு போல நிற்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும். பெரும்பாலும் குற்றவாளி உள்ளே ஒளிந்திருக்கும். விமானியறைத் தொட்டி அரை மில்லிமீட்டர் அகலமாக இருப்பதால் உடலின் இரண்டு பாதிகளும் மூடாது. நாமோ வெளியே கிளிப் போட்டு இறுக்கிக்கொண்டிருப்போம். தொட்டியின் பக்கத்தை உப்புத்தாளில் நாலு தேய்ப்பு தேய்த்தால் முடிகிற வேலை.

கோணங்களும் இந்தக் கட்டத்தில்தான் கெடும். அமெரிக்காவின் எஃப்-4 ஃபேன்டம் போர் விமானத்தை எடுத்துக்கொள்வோம். அதன் வெளி இறக்கைகள் 12 பாகை மேல்நோக்கி வளைந்திருக்கும். வால் இறக்கைகள் சுமார் 23 பாகை கீழ்நோக்கிச் சரிந்திருக்கும். அந்த விமானத்தின் முகமே இந்த இரண்டு கோணங்கள்தான். பழைய கிட்டின் தளர்ந்த துளைகளில் பசையை விட்டுப் படுக்கப் போனால், காலையில் ஒரு பக்கம் 12, மறுபக்கம் 8 என்று நிற்கும். அட்டையில் கோணத்தை வெட்டி, இறக்கைக்கு அடியில் முட்டுக் கொடுத்து விட்டுத்தான் தூங்கப் போக வேண்டும்.

பசையின் அளவும் முக்கியம். மாடல் பசை பாலிஸ்டைரினைக் கரைத்து இரு துண்டுகளையும் ஒன்றாக உருக்கிச் சேர்க்கிறது. டியூபிலிருந்து தாராளமாகப் பிதுக்கினால், மேலே காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே பிளாஸ்டிக் இளகியே கிடக்கும். நீங்கள் மறுநாளே தேய்த்து வழவழப்பாக்கி, பெயின்டும் அடித்துவிடுவீர்கள். மூன்று வாரம் கழித்து முதுகு நெடுக மெல்லிய பள்ளம் ஒன்று எழுந்து வரும். பட்டியும் அப்படித்தான்: காயக் காயச் சுருங்கும். ஒரே தடவையில் அப்பாமல் மெல்லிசாக இரண்டு தடவை போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் விடுங்கள்.

மூக்கில் கனம்

நான் கட்டிய முதல் மிக்-21, முடிந்த அன்று மூன்று சக்கரத்தில் நின்றது, ஒரு நொடி. அப்புறம் மெதுவாக மூக்கைத் தூக்கி வாலில் உட்கார்ந்தது. உடலை ஒட்டியாகிவிட்டது, பெயின்டும் காய்ந்துவிட்டது. உள்ளே கனம் வைக்க வழியே இல்லை. மூக்குச் சக்கரத்தைத் தட்டில் ஒட்டி மானத்தைக் காப்பாற்றிக்கொண்டேன்.

மூன்று சக்கர ஜெட்களில் பின் சக்கரங்களுக்கு முன்னால் போதுமான கனம் இருக்க வேண்டும். மிக்-21இல் மூக்குக் கூம்புக்குள்ளேயே நல்ல இடம் இருக்கிறது. போதாவிட்டால் விமானியறைக்கு அடியில். உடலை டேப்பால் கட்டி, பின் சக்கரங்கள் வரும் இடத்தில் விரல்மேல் நிறுத்திப் பாருங்கள். முன்பக்கம் தயங்காமல் சாய வேண்டும். சாய்ந்த பிறகும் கொஞ்சம் சேர்த்து வையுங்கள், ஏனென்றால் பெயின்டும் சின்னச் சின்னப் பாகங்களும் பின்னால்தான் அதிகம் சேரும்.

இதிலும் ஒரு பொறி உண்டு. ஈயக் குண்டுகளை வெள்ளை மரப்பசையில் குழைத்து மூக்கில் அடைப்பது பழைய வழக்கம். ஈயம் அந்தப் பசையோடு வினைபுரிந்து அரித்து, உப்பிப் பெருகும். சில வருடங்களில் மூக்கின் ஒட்டு தானாகப் பிளக்கும். ஈயம் என்றால் எபாக்சி பசைதான். இல்லையென்றால் எஃகு போல்ட், நட்டு எதையாவது போடுங்கள்.

மேடான கோடுகளோடு போராட்டம்

பழைய கிட்களில் தகட்டு இணைப்புக் கோடுகள் பள்ளமாக இல்லாமல், நூல் ஒட்டியது போல மேடாக இருக்கும். இன்று கட்டுபவர்களுக்கு இது பிடிப்பதில்லை. எனக்கு அவை அவ்வளவு மோசமாகத் தெரிவதில்லை. 1/72இல் 0.2 மி.மீ. பள்ளம் கீறினால் நிஜத்தில் அது 14 மி.மீ. அகலப் பிளவு, அப்படி ஒரு விமானம் பறந்தால் விமானி குதித்துவிடுவார்.

பிரச்சினை பாதி வேலையில்தான் இருக்கிறது. முதுகில் இரு பாதிகளும் சேரும் ஒட்டுக்கோட்டை (சீம்) தேய்க்கும்போது அதன் இருபுறமும் உள்ள மேட்டுக் கோடுகள் அழிந்துபோகும். மற்ற இடமெல்லாம் கோடு, முதுகு மட்டும் மொட்டை. ஒன்று, முழுவதையும் தேய்த்துவிட்டுப் புதிதாகக் கீறுங்கள். அல்லது சீமின் இருபுறமும் இரண்டு அடுக்கு டேப் ஒட்டி, நடுவில் மட்டும் தேய்த்து, அழிந்த துண்டுகளை மட்டும் திரும்ப உண்டாக்குங்கள். ஸ்ப்ரூ (கிட்டில் பாகங்களைத் தாங்கி நிற்கும் பிளாஸ்டிக் சட்டம்) துண்டை மெழுகுவர்த்திச் சூட்டில் காட்டி இழுத்தால் தலைமுடி போன்ற இழை கிடைக்கும். அதைத் திரவப் பசையால் ஒட்டி லேசாகத் தேய்த்தால் பழைய கோட்டோடு கலந்துவிடும்.

கீறுவது என்று முடிவெடுத்தால், மாஸ்கிங் டேப்பை வழிகாட்டியாக வைக்காதீர்கள். அது மெல்லிசு, ஊசி ஏறித் தாண்டிவிடும். பெயர் அச்சடிக்கும் தடித்த லேபிள் டேப் சரியாக வரும். முதல் இரண்டு கீறலில் கையின் எடை மட்டும் போதும், அழுத்தமே வேண்டாம்; ஐந்தாறு தடவையில் கோடு விழுந்துவிடும். பட்டி போட்ட இடத்தில் கீறினால் உதிரும். அங்கே முதலிலேயே பட்டிக்குப் பதில் சூப்பர் க்ளூவை நிரப்புங்கள். ஆனால் அதை அன்றே தேய்த்துவிட வேண்டும். நாள் போனால் அது பிளாஸ்டிக்கைவிடக் கல்லாகி, சுற்றியுள்ள இடம்தான் தேயும்.

400ஆம் எண்ணில் தொடங்கி 600, 1000 என்று மேலும் மேலும் நைசான உப்புத்தாளைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து முடித்த பிறகு சாம்பல் ப்ரைமர். இது நிறத்துக்காக மட்டும் அல்ல, குறை பார்க்கவும்தான். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். சீம் தெரிந்தால் திரும்பிப் போங்கள். உலோக நிறம் அடிக்கப்போகிறீர்கள் என்றால் 2000 வரை போகாமல் தொடவே வேண்டாம்; வெள்ளி நிறத்தில் ஒரு கீறலும் தப்பாது.

கண்ணாடி

விமானியறைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் சூப்பர் க்ளூவைக் கொண்டுபோகாதீர்கள். அதன் ஆவி பட்டாலே வெள்ளையாகப் படியும். திரவப் பசை ஒரு சொட்டு ஓடினாலும் கதை முடிந்தது. வெள்ளைப் பசை இங்கே நல்லது, தவறினால் ஈரத் துணியால் துடைக்கலாம். சட்டங்களுக்கு முதலில் விமானியறையின் உள்நிறம், அது காய்ந்தபின் வெளிநிறம். உள்ளே இருந்து பார்க்கும்போது சரியான நிறம் தெரியும். இதை மறந்தவர்கள் பாதிப் பேர்.

இப்போது பெயின்ட்

குறிப்புத்தாளில் ‘பச்சை’, ‘பழுப்பு’ என்று மட்டும் போட்டிருக்கும். அதை நம்பி டப்பா வாங்காதீர்கள். வியட்நாம் போர்க்கால அமெரிக்க விமானப்படை நிறங்களுக்கு எண்களே இருக்கின்றன: மேலே கரும்பச்சை எஃப்எஸ் (அமெரிக்க அரசின் நிறத் தர எண்) 34079, நடுப்பச்சை 34102, மணல் பழுப்பு 30219, அடியில் வெளிர் சாம்பல் 36622. எண் சரியாக இருந்தாலும் டப்பாவில் உள்ளபடியே அடித்தால் சிறிய மாடலில் கறுத்துத் தெரியும். கொஞ்சம் வெளிறச் செய்தால்தான் கண்ணுக்கு விமானமாகத் தோன்றும். எவ்வளவு என்பது ரசனை விஷயம். நான் சாம்பலோ மணல் நிறமோ சில சொட்டு சேர்ப்பேன், வெள்ளை சேர்த்தால் பச்சை சவக்களை தட்டுகிறது.

ஏர்பிரஷில் பெயின்ட் பால் பதத்தில் இருக்க வேண்டும், அழுத்தம் 15 முதல் 20 பிஎஸ்ஐ. கெட்டியாகவோ தூரத்திலிருந்தோ அடித்தால் வழியிலேயே காய்ந்து, உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். பிரஷ் பிடிப்பவர்கள், பாதி காய்ந்த இடத்தில் இன்னொரு இழுப்பு இழுக்காதீர்கள். அந்தத் தடம் போகாது.

எனாமல் மேல் லாக்கர் அடித்தால் சுருங்கிக் கொப்பளிக்கும். எனாமல் காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்து ரேகையைப் பதிக்காதீர்கள். மூக்கருகே வைத்து மோந்து பாருங்கள். வாசனை இருக்கிறவரை காயவில்லை. மாஸ்கிங் டேப்பை நேராக மேலே இழுக்காமல், அதன் மேலேயே மடித்து மெல்ல உரித்தால் ஓரம் பெயராது.

டீக்கால்: கடைசி நேரத் துரோகி

முப்பது வருடம் பெட்டியில் கிடந்த டீக்காலை (தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள், எண்கள் அச்சிட்ட மெல்லிய படலம்) தண்ணீரில் போட்டால் பல நேரம் பத்துத் துண்டாக மிதக்கும். முதலில் உங்களுக்குத் தேவையில்லாத ஒரு சின்ன எண்ணை வெட்டிப் போட்டுச் சோதியுங்கள். உடைந்தால், தாள் முழுவதற்கும் டீக்கால் மேல் படலம் போடும் திரவமோ லாக்கர் தெளிவார்னிஷோ மெல்லிசாக அடித்து, ஒரு நாள் காயவிட்டு, ஒவ்வொன்றையும் ஓரத்தை ஒட்டி வெட்டுங்கள். தாள் மஞ்சளாகியிருந்தால், பிளாஸ்டிக் உறையில் போட்டு வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் ஒன்றிரண்டு வாரம் ஒட்டிவைத்தால் கணிசமாக வெளுக்கும்.

மேட் பெயின்ட் மேல் நேரடியாக ஒட்டினால், அதன் சொரசொரப்பில் காற்று சிக்கி டீக்கால் வெள்ளி பூத்த மாதிரி தெரியும். முதலில் பளபளப்பு வார்னிஷ், பிறகு டீக்கால், பிறகு மேட். டீக்காலை மென்மையாக்கும் திரவம் தடவியதும் டீக்கால் சுருங்கிக் கோணலாகும். பயந்து விரல் வைத்தீர்கள் என்றால் கிழியும். எழுந்து போய்விடுங்கள், காயும்போது தானே படிந்துகொள்ளும்.

மூக்கிலிருந்து நீளும் வேகமானிக் குழாய், ஆன்டெனா, இறங்குசக்கரக் கதவுகள் எல்லாம் இதற்கும் பிறகு. மிக்-21இன் நீண்ட மூக்குக் குழாயைத் தொடக்கத்திலேயே ஒட்டிவைத்து, நான் மூன்று முறை உடைத்திருக்கிறேன், மூன்றாவது முறை சட்டைக் கையில் மாட்டி. இப்போது ஊசிமருந்துச் சிரிஞ்சின் ஊசியை வெட்டிச் செருகுகிறேன், மேட் வார்னிஷ் காய்ந்த மறுநாள்.