எலக்ட்ரிக் வேன் உங்கள் தொழிலுக்கு ஒத்துவருமா? வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

எலக்ட்ரிக் வேன் பேச்சை எடுத்தாலே எல்லாரும் முதலில் கேட்பது "ஒரு சார்ஜுக்கு எவ்வளவு ஓடும்?" என்றுதான். பிளம்பர், எலக்ட்ரீசியன், ஏசி மெக்கானிக், தச்சு வேலை செய்பவர் என்று வண்டியையே பட்டறையாக வைத்துச் சுற்றுகிறவர்களுக்கு அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, வேன் ராத்திரி எங்கே நிற்கிறது? உங்கள் சொந்த மீட்டரிலிருந்து ஒயர் இழுத்து சார்ஜர் மாட்டக்கூடிய இடத்தில் நின்றால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. தெருவில் எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே நிறுத்துகிறவர் என்றால், எவ்வளவு பெரிய பேட்டரி வாங்கினாலும் வாரத்தில் பல மணி நேரம் பொது சார்ஜரில் காத்துக்கிடக்க வேண்டும். அந்த நேரத்துக்கு யாரும் கூலி தரமாட்டார்கள். பொது ஃபாஸ்ட் சார்ஜரில் ஒரு யூனிட்டுக்கு வாங்கும் கட்டணமும் பெரும்பாலும் வீட்டுக் கரண்டை விட நல்ல அளவு கூடுதல், டீசலை விட்டதால் மிச்சமாக வேண்டியது அங்கேயே போய்விடும்.

ராத்திரிக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் கிலோவாட் மணி என்பது நம் கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட்தான். 230 வோல்ட் இணைப்பில் சாதாரண பிளக் பாயின்ட்டில் 10 ஆம்பியர் எடுத்தால் மணிக்கு 2.3 யூனிட். பத்து மணி நேரத்துக்கு 23, சார்ஜ் ஆகும்போது கொஞ்சம் வீணாவதைக் கழித்தால் சுமார் 20 யூனிட் பேட்டரிக்குள் போகும். சின்ன வேன் 100 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 20 யூனிட் குடிக்கும், ஆகவே ஒரு ராத்திரிச் சார்ஜில் 100 கி.மீ. கிடைக்கும். உயரமான பெரிய வேன் முழு லோடோடு 30, 35 என்று போகும், அதற்கு 60 கி.மீ.தான். ஊருக்குள்ளேயே சுற்றி வேலை பார்க்கிறவருக்கு இதுவே போதுமானதாக இருக்கலாம். போதாது என்றால் 7.4 கிலோவாட் சுவர் சார்ஜர் மாட்டினால் எட்டு மணி நேரத்தில் 50 யூனிட்டுக்கு மேல் ஏறிவிடும். மூன்று ஃபேஸ் இருக்கிறது, 22 கிலோவாட் சார்ஜர் வாங்கலாமா என்று கேட்கிறவர்கள் முதலில் வேனுக்குள் இருக்கும் சார்ஜரின் அளவைப் பாருங்கள். அது 11 கிலோவாட் என்றால் சுவரில் எதை மாட்டினாலும் 11க்கு மேல் வாங்காது.

இப்போது அந்த இரண்டாவது கேள்விக்கு வரலாம். விளம்பரத்தில் போடும் தூரம் சோதனைக்கூடத்தில் அளந்தது, உங்கள் ஏணியும் டூல் பாக்ஸும் அங்கே இல்லை. ஃபோர்டின் இ-டிரான்சிட் 2022இல் முதலில் வந்தபோது அதன் பேட்டரியில் பயன்படுத்தக்கூடியது 68 யூனிட், சொன்ன தூரம் அதிகபட்சம் 317 கி.மீ. அப்படியென்றால் 100 கி.மீ.க்கு 21.5 யூனிட் என்று கணக்கு வருகிறது. அதே வேன் நெடுஞ்சாலையில் லோடோடு போய் 35 யூனிட் எடுத்தால் 194 கி.மீ.தான் ஓடும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, காற்று எதிர்ப்பு வேகத்தின் இருமடியில் ஏறுவதால் வருவது. மணிக்கு 90 கி.மீ.யில் போனதை 110 ஆக்கினால் காற்றைத் தள்ளுவதற்கு மட்டும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு செலவாகும், வேனோ காரைப் போல வழுக்கிக்கொண்டு போகும் உருவமும் இல்லை. கூரையில் ஏணியைக் கட்டினால் இன்னும் கூடும். தேவையில்லாத நாளில் ஏணியை இறக்கி வைப்பதே தூரத்தைக் கூட்டுவதற்குச் சுலபமான வழி. குளிர்காலத்தில் ஹீட்டரும் பேட்டரியின் மந்தமும் சேர்ந்து தூரத்தைக் கணிசமாகக் குறைத்துவிடும். வெயிலில் ஏசி இழுப்பது அந்த அளவுக்கு இருக்காது, ஆனால் நெரிசலில் மணிக்கணக்கில் நின்றால் அதுவும் தெரியும்.

என் வழி எளிது. விளம்பரத் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தள்ளிவிடுங்கள், மிச்சத்திலும் 15 சதவீதத்தை அவசரத்துக்கு ஒதுக்குங்கள். அப்புறம் இப்போதைய வண்டியின் ஓடோமீட்டரைத் தினமும் குறித்துவைத்து, சராசரியைப் பார்க்காமல் மாதத்தில் அதிகம் ஓடிய சில நாட்களைப் பாருங்கள். அந்த நாட்களும் உள்ளே அடங்கினால் சரி. மாதத்துக்கு ஓரிரு நாள் மட்டும் மிஞ்சினால் அன்றைக்கு மதியம் ஒரு ஃபாஸ்ட் சார்ஜ் போட்டுச் சமாளிக்கலாம். 80 சதவீதத்தில் கழற்றிவிட்டுக் கிளம்புங்கள், அதற்கு மேல் ஏறுவது ஆமை வேகம். டெஸ்ட் டிரைவ் கேட்கும்போது காலி வேனை ஓட்டிப் பார்த்து ஒரு பயனும் இல்லை. உங்கள் சாமான் முழுக்க ஏற்றி, வழக்கமான ரூட்டில் ஒரு நாள் வேலைக்கே எடுத்துப் போங்கள். தர மறுக்கிற டீலரிடம் அவசரப்பட்டு முன்பணம் கொடுக்காதீர்கள்.

எடை விஷயத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பெரிய வேனின் பேட்டரி மட்டுமே பல நூறு கிலோ வரும், வண்டியின் மொத்த எடை வரம்போ சட்டப்படி ஒன்றுதான், எனவே அந்த எடை உங்கள் லோடிலிருந்துதான் கழியும். ஐரோப்பாவில் சாதாரண கார் லைசென்ஸுக்கு வழக்கமான வரம்பு 3,500 கிலோ, எலக்ட்ரிக் வேனுக்காக அதைத் தளர்த்திய நாடுகளும் உண்டு. டைல்ஸ், சிமென்ட், செம்புக் குழாய் ஏற்றுகிறவர்கள் இப்போதைய வண்டியை நிறைத்து, நீங்களும் உதவியாளும் உட்கார்ந்தபடியே ஒரு எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள், பலருக்கு அந்த எண் அதிர்ச்சியாகத்தான் இருக்கும். டிரெய்லர் இழுக்கிறவர் என்றால் இழுவை வரம்பையும் தனியாகக் கேளுங்கள், டீசல் மாடலுக்கு உள்ளது எலக்ட்ரிக்குக்கும் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

சரி, உள்ளே அலமாரி அடிக்கும் வேலை. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். பெரும்பாலான எலக்ட்ரிக் வேன்களில் பேட்டரி இருப்பது நீங்கள் சாமான் வைக்கும் தரைக்கு நேர் கீழே. டீசல் வேனில் செய்வதைப் போலத் தரையில் டிரில் போட்டு நீள ஸ்க்ரூ இறக்கினால் அது பேட்டரிப் பெட்டியையோ ஹை வோல்டேஜ் கேபிளையோ தொடலாம். அங்கே ஓடுவது பெரும்பாலும் 400 வோல்ட் டிசி. எங்கே துளையிடலாம், எங்கே கூடாது என்று வேன் நிறுவனமே பாடி கட்டுகிறவர்களுக்கென்று கையேடு வைத்திருக்கும். அதைப் பார்க்காமல் யாரும் வண்டிமேல் டிரில் வைக்க வேண்டாம், எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் சரி. முடிந்தால் ஏற்கனவே இருக்கும் கொக்கிப் புள்ளிகளில் பிடிக்கும் அலமாரியாகவோ, ஒட்டுப் பலகைத் தரையோடு வருவதாகவோ தேர்ந்தெடுங்கள். ஆரஞ்சு நிறக் கேபிள் எங்கே தெரிந்தாலும் கை வைக்கக்கூடாது, நீங்கள் லைசென்ஸ் பெற்ற எலக்ட்ரீசியனாகவே இருந்தாலும்.

சில வேன்களில் பின்பக்கமே பிளக் பாயின்ட் வருகிறது. வேலை நடக்கும் இடத்தில் கரண்ட் இல்லாவிட்டால் இது பெரிய வசதி, ஜெனரேட்டர் சத்தமும் புகையும் மிச்சம். எடுக்கும் கரண்டைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. 1,000 வாட் கட்டரை விட்டு விட்டு ஓட்டினால் நாள் முழுக்க இரண்டு மூன்று யூனிட்டுக்குள் முடிந்துவிடும், தூரத்தில் 10 கி.மீ. சொச்சம் குறையும். ஆனால் கம்ப்ரஸர், வெல்டிங் மெஷின் மாதிரி ஸ்டார்ட் ஆகும்போது பலமடங்கு இழுப்பவை சேராமல் போகலாம், வேனின் வாட் வரம்பைப் பாருங்கள். அந்தக் கரண்டைக் கொண்டுபோய் வீட்டு ஒயரிங்கில் பின்பக்கமாகச் செருகுவது மட்டும் கூடவே கூடாது. மெயின் லைனில் வேலை செய்கிற ஆளுக்கு ஷாக் அடித்துவிடும்.

பாதுகாப்பு என்றாலே எல்லாருக்கும் தீதான் ஞாபகம் வருகிறது. ஸ்வீடன் போன்ற நாடுகளில் திரட்டிய கணக்குகளின்படி, ஓடும் வண்டிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் பெட்ரோல், டீசல் வண்டிகளை விட எலக்ட்ரிக் கார்கள் தீப்பிடிப்பது குறைவு. பிடித்தால்தான் கஷ்டம். பேட்டரிக்குள் ஒரு செல் சூடாகி அடுத்த செல்லைச் சூடாக்கிக்கொண்டே போகும், அணைந்த மாதிரி இருந்து திரும்பவும் எரியும், வரும் புகையும் நச்சு. வேனுக்குள் நீங்கள் வைத்திருக்கும் சின்னத் தீயணைப்பான் துணி, பெயின்ட், மரத்தூள் பற்றிக்கொண்டால் உதவும், பேட்டரித் தீக்கு உதவாது. கீழிருந்து புகை, சீறல் சத்தம், வித்தியாசமான வாடை என்று ஏதாவது வந்தால் சாமானை எடுக்க நிற்காமல் விலகிப் போய்த் தீயணைப்புத் துறையைக் கூப்பிட்டு, எலக்ட்ரிக் வண்டி என்று தெளிவாகச் சொல்லுங்கள். எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரி வெப்பத்தை ஓரளவு நன்றாகத் தாங்கும், 100 சதவீதம் வரை அடிக்கடி சார்ஜ் செய்தாலும் பெரிதாகக் கெடாது. என்எம்சி (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட்) வகை அதே எடையில் அதிகத் தூரம் தரும், தினசரிக்கு 80 சதவீதத்தில் நிறுத்துவது நல்லது. எந்த வகை என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

என் கணக்கில் வண்டியின் பேட்டரியை விட அதிகம் கவனிக்க வேண்டியது நாம் செய்யும் குறுக்கு வேலைகளைத்தான். ரீலில் சுற்றியபடியே எக்ஸ்டென்ஷன் ஒயரைப் போட்டு ராத்திரி முழுக்க சார்ஜ் ஏற்றினால் சுருளுக்குள் சூடு தங்கி ஒயர் உருகும். பழைய சாக்கெட்டும் அப்படித்தான், பத்து மணி நேரம் விடாமல் 10 ஆம்பியர் இழுப்பதற்கு அதைப் போடவில்லை. சார்ஜருக்கென்று போர்டிலிருந்து தனி லைன், சரியான எர்த், சார்ஜர் தயாரிப்பாளர் சொல்லும் வகை ஆர்சிடி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் கருவி) மூன்றும் வேண்டும், பிளக் கையில் சுட்டால் உடனே நிறுத்துங்கள். மழையில் சார்ஜ் போடுவதற்குப் பயப்பட வேண்டாம், வண்டியும் சார்ஜரும் ஒன்றையொன்று உறுதிசெய்துகொண்ட பிறகுதான் கரண்ட் பாயும். ஆனால் வண்டி வெள்ளத்தில் மூழ்கினால் கதை வேறு. 2022இல் இயன் புயலுக்குப் பிறகு ஃபுளோரிடாவில், உப்புநீரில் மூழ்கிய சில எலக்ட்ரிக் கார்கள் பல நாள் கழித்துத் தீப்பிடித்தன. மூழ்கிய வேனைச் சார்ஜ் செய்யவோ ஸ்டார்ட் செய்யவோ கூடாது, கட்டடத்திலிருந்து தள்ளி நிறுத்திவிட்டு நிறுவனத்தைக் கூப்பிடுங்கள்.

டிரில் பேட்டரி கீழே விழுந்து வீங்கியிருந்தால் அதை வேனில் வைத்துச் சுற்றாதீர்கள், அதுவும் லித்தியம்தான். கேஸ் சிலிண்டர் எடுத்துப்போகிறவர்களுக்கு டீசல் வேனில் உள்ள அதே விதிதான்: நிற்க வைத்துக் கட்டுங்கள், காற்றோட்டம் இருக்கட்டும்.

பழைய வேன் வாங்குகிறவர்கள் ஓடிய கிலோமீட்டரை விடப் பேட்டரியின் ஆரோக்கிய சதவீதத்தைப் பாருங்கள், சர்வீஸ் சென்டரில் அச்சிட்டு வாங்கலாம். பல நிறுவனங்கள் தரும் பேட்டரி வாரண்டி 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ., அதற்குள் கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் செல்லும். மிச்ச வாரண்டி புது உரிமையாளருக்கு மாறுமா என்று கேளுங்கள். ஃபாஸ்ட் சார்ஜ் சாக்கெட் இருக்கிறதா, எந்த வகை என்றும் பாருங்கள். பழைய நிசான் வேன்களில் வருவது சாடெமோ, புதிய சார்ஜிங் நிலையங்கள் பலவற்றில் அந்தக் கேபிளே இருக்காது. கடைசியாகத் தரைப் பலகையைத் தூக்கிப் பாருங்கள், முந்தைய ஆள் எங்கெங்கே ஸ்க்ரூ இறக்கியிருக்கிறார் என்று.